செவ்வாய்க்கிழமை வெட்டிய முகம்

அந்த அட்டையில் எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை.

பேருந்து நிழற்குடையின் தகரச் சுவரில் நான்கு மூலையிலும் திருகாணி போட்டு மாட்டிய விளம்பர அட்டை அது. மேலே பெரிய எழுத்தில், ‘நான் மீண்டு வந்துவிட்டேன்.’ கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘புற்றுநோயோடு போராடுகிறவர்களுக்கு மருந்து மட்டும் போதாது. ஆறுதல் இல்லத்துக்காக ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நடக்க வாருங்கள்.’ அதற்கும் கீழே தொலைபேசி எண். நடுவில் நீலச் சால்வை போர்த்திய ஒரு பெண்ணின் தோள்கள். கழுத்துக்கு மேலே ஓட்டை. ஓட்டைக்குள் துருப்பிடித்த தகரம் தெரிந்தது.

“இது பத்தாவது,” என்றார் டீச்சர்.

“பத்துப் பேரோட தலையை எடுத்தவனைப் பிடிச்சா பேப்பர்ல நம்ம படம் வரும். ஒரே தலையைப் பத்துத் தடவை எடுத்தவனை எந்தச் சட்டத்துல பிடிக்கறதுன்னே தெரியல,” என்றார் ஏஜென்ட்.

டீச்சர் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எந்தப் பிள்ளை யாரைப் பார்த்து எழுதியது என்று தப்பான விடையை வைத்தே கண்டுபிடிப்பார். ஓய்வுக்குப் பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஏஜென்ட் இருபத்தெட்டு வருஷம் ஆயுள் காப்பீடு விற்றவர். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே ஆட்கள் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்கள். யாரிடமும் பேச்சுக் கொடுக்கத் தெரியும், கதவைச் சாத்தினால் கோபப்படத் தெரியாது. துப்பறிகிறவருக்கு உதவியாளராக இருக்க வேறென்ன வேண்டும்?

“எழுத்தைத் தொடவே இல்ல. நம்பரும் பத்திரமா இருக்கு,” என்றார் டீச்சர். “அந்த இல்லத்து மேல பகை இருந்தா முதல்ல எதை வெட்டுவாங்க?”

“நம்பரைத்தான். நானா இருந்தா நம்பரை அழிச்சுட்டு என் நம்பரை எழுதிட்டுப் போவேன். பழக்க தோஷம்.”

“அப்ப இது பகை இல்ல. இப்ப ஓரத்தைப் பாருங்க. பென்சில் கோடு இருக்கா?”

ஏஜென்ட் மூக்கு தகரத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “இல்ல. ஆனா நெளிஞ்சு நெளிஞ்சு போயிருக்கு.”

“இதுல நெளியுது. முதல் வாரம் வெட்டினதுல நெளியல.” டீச்சர் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார். “கோடு போடாம ஒரே இழுப்பு. ரெண்டு பக்கமும் அச்சா ஒரே வளைவு. இது கழுத்து வெட்டிப் பழகின கை.”

“கொலைகாரன்னு சொல்றீங்களா?”

“டெய்லர்னு சொல்றேன்.”

ஒரு பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாததால் பெருமூச்சோடு கிளம்பிப் போனது. டீச்சர் கைப்பையிலிருந்து பழைய பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஒரு கோடு போட்டார். ஒரு நுனியில் பேருந்து நிலையம், மறு நுனியில் பெரிய ஆஸ்பத்திரி. நடுவில் பன்னிரண்டு நிறுத்தங்கள்.

“மூணு செவ்வாய்க்கிழமை. முதல் வாரம் அஞ்சு, அடுத்த வாரம் மூணு, போன வாரம் ரெண்டு.”

“மூணாவது வாரமே சோம்பேறி ஆயிட்டான். நிரந்தர வேலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க போல.”

“எதிர்ப்பக்கம் பாருங்க.”

சாலைக்கு அந்தப் பக்கத்து நிழற்குடையில் அதே அட்டை முழுசாக இருந்தது. நீலச் சால்வைக்கு மேல் ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டையாக முளைத்த முடி, மூக்கு சுருங்கிய சிரிப்பு. பார்த்தவருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு.

“அந்தப் பக்கம் பன்னிரண்டும் அப்படியே இருக்கு,” என்றார் டீச்சர். “ஆஸ்பத்திரிக்குப் போற பக்கம் மட்டும்தான் வெட்டுறாங்க. திரும்பற பக்கம் வெட்டறதே இல்ல. ஏன்?”

“திரும்பறப்ப பிளேடு மழுங்கிடுதோ என்னவோ.”

“மழுங்கறது பிளேடு இல்ல, ஏஜென்ட்.” டீச்சர் தாளை மடித்தார். “வாராவாரம் ஒரே கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. போகும்போது இறங்கி இறங்கி வெட்டத் தெம்பு இருக்கு, வரும்போது நிக்கவே முடியல. வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறையுது, வெட்டு ஆடுது. சில மருந்து ஏத்தினா போகப்போக விரல் நுனி மரத்துப் போயிடும்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

ஏஜென்ட் எதிர்ப்பக்கத்து அட்டையை இன்னொரு தடவை பார்த்தார்.

“அப்ப நாம தேடற ஆள் குற்றவாளி இல்ல,” என்றார். “நோயாளி.”

ஆறுதல் இல்லம் என்பது ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இரண்டே இரண்டு அறைகள். ஒரு காலத்தில் துணி வெளுக்கும் இடமாக இருந்ததாம், மூலையில் இன்னும் சோப்பு வாடை வந்தது. ஒரு அறையில் மூச்சுப்பயிற்சிக்கான பாய்கள், சுவர் அலமாரியில் வரிசையாக விக்குகள். இன்னொரு அறையில் மசாஜ் மேசை. ஜன்னல்களுக்கு இளம்பச்சைத் திரைச்சீலைகள்.

அதை நடத்தும் நிர்வாகியம்மா தன் தம்பியை இதே ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர். டீச்சரை வேலைக்கு வைத்தவர் அவர்தான்.

“மருந்து கொடுக்க அவ்வளவு பெரிய கட்டடம் இருக்குங்க. ராத்திரி முழுக்கக் கால் எரியுதுன்னு ஒருத்தர் சொன்னா, அதைப் பிடிச்சுவிட ஒரு ஆள் கிடையாது. என் தம்பி கடைசியா கேட்டது அதைத்தான்.” அவர் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். “பழைய ஃபைல் அடுக்க இடம் வேணும்னு ஆஸ்பத்திரிக்காரங்க இந்த ரூமைக் கேட்டுட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் சேர்ந்தா, ஊருக்கு நாங்க வேணும்னு காட்டலாம். சேரலன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

“அப்ப ஃபைல்காரங்க மேலதான் எனக்குச் சந்தேகம்,” என்றார் ஏஜென்ட். “ஆனா அவங்க வெட்டறதுன்னா அதுக்கும் மூணு கையெழுத்து வாங்கணும்.”

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் கடைசி பெஞ்சே அடங்கியிருக்கும்.

“படத்துல இருக்கறவங்க யாரு?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்தவங்க. குணமாகிக் கிளம்பற அன்னைக்கு எடுத்த போட்டோ. ‘எப்ப வேணா போட்டுக்கோங்க, என்னைப் பார்த்து நாலு பேருக்குத் தைரியம் வரட்டும்’னு எழுதிக் கொடுத்தாங்க. இந்தத் திரைச்சீலை எல்லாம் அவங்க தச்சதுதான்.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“நம்பர் மாறிடுச்சு. நல்லாத்தான் இருப்பாங்க.”

டீச்சர் எழுந்து ஜன்னலருகே போனார். திரைச்சீலையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, தையலை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிக்கொண்டு போனார். பிறகு பக்கத்து அறைக்குள் நுழைந்தார்.

மசாஜ் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவரை அங்கே எல்லோரும் மசாஜ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அகலமான உள்ளங்கைகள். எண்ணெயில் ஊறி ஊறி நகமெல்லாம் பளபளத்தது.

“செவ்வாய்க்கிழமை காலையில வர்றவங்க பேரெல்லாம் வேணும்,” என்றார் டீச்சர்.

“இங்க பேர் கிடையாதுங்க, டோக்கன்தான். அங்க பூரா பேரும் நம்பரும் ஃபைலுமா இருக்கு. இங்க வந்தாவது யாரும் எதுவும் கேட்க வேணாம்னு வெச்சிருக்கோம். பாதிப் பேர் மாஸ்க்கைக்கூடக் கழட்ட மாட்டாங்க.”

“முகமே தெரியாம எப்படி ஆள் அடையாளம் தெரியும்?”

“நான் பாதத்தைப் பார்க்கறவ. முகத்தை எதுக்குப் பார்க்கணும்?”

“கைவிரல் மரத்துப்போனவங்க யாராவது?”

“முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான்.”

“அதுல தையல் தெரிஞ்சவங்க?”

துடைத்துக்கொண்டிருந்த கை மேசையின் நடுவில் நின்றது. “அவங்களைப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?” என்றார் மசாஜ் அக்கா.

வெளியே வந்ததும் ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். “ஒண்ணும் தேறல. வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.”

“எல்லாம் சொல்லிட்டாங்க. விஷயம் தெரியாதவங்க ‘யாரை’ன்னு கேட்பாங்க. இவங்க ‘என்ன பண்ணுவீங்க’ன்னு கேட்டாங்க. ஆள் யாருன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“நம்ம பக்கம் இன்னும் ரெண்டு அட்டை மிச்சம் இருக்கு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. ரெண்டுல எந்த அட்டைக்கு வருவாங்க?”

“அஞ்சு, மூணு, ரெண்டு. நாளைக்கு ஒண்ணுதான் முடியும். ஒண்ணே ஒண்ணுதான் முடியும்னா, எல்லார் கண்ணுலயும் படற ஆஸ்பத்திரி வாசல் அட்டைக்குத்தான் வருவாங்க.”

மறுநாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல் நிழற்குடையில் டீச்சர் ஒரு மூலையிலும், செய்தித்தாளை விரித்தபடி ஏஜென்ட் மறு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துகள் வந்து வந்து கையில் மருந்துச் சீட்டும் ஃப்ளாஸ்க்கும் பிடித்தவர்களை இறக்கிவிட்டுப் போயின. இறங்கியவர்கள் பெரும்பாலும் அந்த அட்டையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டே வாசலுக்குள் நுழைந்தார்கள்.

எட்டே முக்காலுக்கு ஒரு பெண் இறங்கினார். மாஸ்க், தலைக்குக் கொஞ்சம் பெரிய விக், யாருடையதோ போலத் தொளதொளத்த கோட்டு. இறங்கியதும் வாசலுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு இறங்குகிற வரைக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பாதி பிளேடு.

அட்டைக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினார். பிளேடு விரலிலிருந்து நழுவி விழுந்தது.

குனிந்து எடுக்கப் பார்த்தார். வழவழத்த சிமென்டுத் தரையிலிருந்து மெல்லிய தகட்டை எடுக்க நகமும் விரல் நுனியும் வேண்டும். அவருக்கு நகங்கள் கறுத்துப் போயிருந்தன, விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. தகடு தரையில் நகர்ந்ததே தவிர கைக்கு வரவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏஜென்ட் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் தடுக்கவில்லை. அவர் பிளேடை எடுத்து, அந்தப் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்.

“நான் வெட்டித் தரட்டுங்களாம்மா?” என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். கையும் களவுமாக மாட்டியவரின் பயம் அந்தக் கண்களில் இல்லை. பயப்படவும் தெம்பு வேண்டும்.

“நீங்க யாரு?”

“அந்த இல்லத்துல உங்களைத் தேடச் சொல்லி எங்களை அனுப்பினாங்க,” என்றார் டீச்சர். “உங்க திரைச்சீலையைப் பார்த்தேன். ரெண்டு வருஷமாச்சு, ஒரு தையல்கூட விடல.”

அந்தப் பெண் மாஸ்க்கைக் கழற்றினார்.

ஏஜென்ட் அவர் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல்தான் பார்த்தார். அட்டையில் இருந்த கன்னங்கள் இந்த முகத்தில் இல்லை. சிரிப்பில் சுருங்கிய அந்த மூக்கின் எலும்பு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடு.

“அவங்களா?” என்றார் டீச்சரிடம், மெல்ல.

“அவங்கதான்.”

“நாலு மாசம் முன்னாடி திரும்ப வந்துடுச்சுங்க,” என்றார் அந்தப் பெண். “எலும்புல, ஈரல்ல. இந்தத் தடவை குணப்படுத்தறதுக்கு மருந்து இல்ல, வலியைத் தள்ளிப்போடத்தான்னு டாக்டர் நேராவே சொல்லிட்டார். இல்லத்துல புதுசா டோக்கன் வாங்கினேன். பதினொண்ணு. யாருக்கும் என்னைத் தெரியல. நானும் சொல்லிக்கல. அடுத்த வாரம் பஸ்ஸுல வரேன், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நான் நிக்கறேன். மீண்டு வந்துவிட்டேன்னு.”

“எடுக்கச் சொல்லி நிர்வாகிகிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஏன்னு கேட்பாங்க. ஞாயித்துக்கிழமைக்கு அந்தம்மா நாயா அலையறாங்க. அந்த ரூமுல கிடைக்கற ஒரு மணி நேரம்தான் வாரத்துல எனக்குத் தூக்கம். நானே போய் அதுல மண்ணை அள்ளிப் போடவா?”

“பின்ன ஏன் வெட்டினீங்க?”

அந்தப் பெண் வாசலைப் பார்த்தபடி சொன்னார். “டோக்கன் பன்னிரண்டு ஒரு பொண்ணு. பேங்க்ல வேலை பார்க்குது. எனக்கு வந்த அதே நோய், அதே இடம். காத்திருக்கறப்ப என் பக்கத்துல உட்காரும். ஒரு நாள் சுவத்துல இருந்த இந்த அட்டையைக் காட்டி, ‘இவங்களுக்கும் எனக்கு வந்ததேதானாம். இவங்களை மாதிரி நானும் சரியாயிடுவேன்ல அக்கா’ன்னுச்சு. எனக்கு வாய் வரல. எழுந்து பாத்ரூம் போயிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பிளேடு எடுத்துட்டு வந்தேன்.”

“திரும்பிப் போறப்ப முடியாதுன்னு இந்தப் பக்கத்தை மட்டும் வெட்டினீங்க,” என்றார் டீச்சர்.

“முடியாததாலே இல்லைங்க.” முதல் தடவையாக அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. “வீட்டுக்குத் திரும்பறவங்க யாரும் போஸ்டரைப் பார்க்கறதில்ல. தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிட்டுத்தான் போவாங்க. போகும்போதுதான் பார்ப்பாங்க. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பார்ப்பாங்க.”

டீச்சர் தலையை ஆட்டினார். விடை சரியாக வந்திருந்தது. வழிதான் தப்பு. வகுப்பில் இப்படி எழுதியவர்களுக்கு அவர் பாதி மதிப்பெண்கூடக் கொடுத்ததில்லை.

ஏஜென்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிக் கழற்றினார். அட்டையை முழுசாக இறக்கி, முகம் தன் பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“இதுக்கு மூணு கையெழுத்தெல்லாம் வேணாம்மா,” என்றார். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. ஏஜென்டும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பிரியும்போது அந்தப் பெண் டீச்சரின் கையைப் பிடித்தார். பிடித்த அழுத்தம் அவருக்கே தெரியவில்லை, நகம் பதிந்தது. “எனக்கு ஒரு உதவி. அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லிடுங்க. போஸ்டரை நம்பிட்டு இருக்க வேணாம்னு. என்னால சொல்ல முடியல. நான் மருந்து ஏத்தற வார்டுல இருப்பேன்.”

இல்லத்தில், ஏஜென்ட் மேசை மேல் வைத்த அட்டையை நிர்வாகி பார்த்தார். டீச்சர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

“எந்த டோக்கன்?”

“பதினொண்ணு.”

நிர்வாகி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “பதினொண்ணு,” என்றார். “போன வாரம் அந்தம்மா சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாங்க. நான்தான் தோளைத் தட்டி, சுவத்துல இருந்த இதைக் காட்டி, ‘இவங்களைப் பாருங்க, எவ்வளவு தைரியமா இருந்தாங்க’ன்னு சொன்னேன். ‘ஆமாங்க’ன்னாங்க.”

பக்கத்து அறை வாசலில் மசாஜ் அக்கா வந்து நின்றிருந்தார். “முதல் நாளே பாதத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்,” என்றார். “அவங்களா சொல்லாத வரைக்கும் நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

“அட்டையெல்லாம் எடுத்துடுங்க,” என்றார் டீச்சர்.

“எடுத்துடறேன். ஆனா அதுக்குப் பதிலா எதைப் போடறது?” நிர்வாகி குரலை உயர்த்தவில்லை. “குணமானவங்களைக் காட்டினாத்தான் ஜனங்க வர்றாங்க. குணமாகாதவங்களுக்குத்தான் இந்த ரூமே வேண்டியிருக்கு. இதை நான் எப்படிப் போஸ்டர்ல எழுதுவேன்?”

அன்று சாயங்காலத்துக்குள் இருபக்கத்து அட்டைகளும் இறங்கின. வெறும் எழுத்து மட்டும் போட்ட தாள்கள் ஏறின. ஞாயிற்றுக்கிழமை தூறல் விழுந்தது. நடக்க வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் குடை கொண்டுவராதவர்கள். முதல் சந்திப்பிலேயே ஒதுங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அறைகளில் ஃபைல்கள் அடுக்கப்பட்டன. மசாஜ் அக்கா எண்ணெய்ப் புட்டியோடு வார்டு வார்டாகப் போய்ப் பார்த்தார். தலைமை நர்ஸ் நல்லவர், பத்து நாள் கண்டும் காணாமல் விட்டார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

டோக்கன் பன்னிரண்டு, விக் அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். பேங்க் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். இங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறவள் போல, மடியில் சாப்பாட்டுப் பை.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது. “உன் பக்கத்துல உட்கார்வாங்களே, டோக்கன் பதினொண்ணு. அவங்க ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்கம்மா. அந்த அட்டையில இருந்தவங்க…”

“அவங்கதான்,” என்றாள் பெண். “தெரியும்.”

டீச்சர் நிறுத்தினார். பின்னால் நின்ற ஏஜென்ட் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“மாஸ்க் கண்ணை மறைக்காதுல்ல. எங்க பேங்க் வாசல்லதான் ஒரு போஸ்டர். அதை யாரோ வெட்டறதுக்கு முன்னாடி தினமும் பஸ் வர்ற வரைக்கும் அந்தக் கண்ணைத்தான் பார்த்துட்டு நிப்பேன். இங்க வந்து பக்கத்துல உட்கார்ந்த முதல் நாளே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா அப்படிக் கேட்டே? ‘நானும் சரியாயிடுவேன்ல’ன்னு?”

“தெரிஞ்சுதான் கேட்டேன்.” அவள் சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “எங்க வீட்டுல எல்லாரும் சொல்றாங்க, சரியாயிடும்னு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டே சொல்றார். அவங்க யாருக்கும் இது வந்ததில்ல. வந்தவங்க ஒருத்தர் வாயால கேட்கணும்னு இருந்துச்சு. பொய்யாத்தான் இருக்கும்னு தெரியும். பொய்யா இருந்தாலும் வாங்கிக்கலாம்னுதான் கேட்டேன்.”

“அவங்க எழுந்து போயிட்டாங்க.”

“ஆமா. ரெண்டு தடவை வந்ததைப் பார்த்தவங்க அவங்க. அவங்களுக்கே சொல்ல வரலன்னா அப்புறம் என்ன இருக்கு?” அவள் குரல் பேங்க்கில் யாருக்கோ படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பது போலவே இருந்தது. “அன்னைக்குத்தான் நானும் புரிஞ்சுக்கிட்டேன்.”

உள்ளேயிருந்து மசாஜ் அக்கா டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். பெண் எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

“அவங்ககிட்ட இதைச் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியவே தெரியாது, நீங்க சொன்னப்ப சிரிச்சுக்கிட்டே கேட்டேன், இன்னும் நம்பிக்கையாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க. அவங்களாலதான் எனக்கு நம்பிக்கை போச்சுன்னு தெரிஞ்சா இன்னும் நொந்துடுவாங்க.”

வார்டுக்குப் போகும் நீளமான நடைவழியில் டீச்சரும் ஏஜென்டும் நடந்தார்கள். கதவருகே வந்ததும் ஏஜென்ட், “நான் சொல்லவா டீச்சர்? இருபத்தெட்டு வருஷம் இதைத்தானே பண்ணேன். எதையும் சிரிச்ச முகமா சொல்ல வரும்,” என்றார்.

“வேண்டாம். என்கிட்டதான் கேட்டாங்க.”

சாய்வு நாற்காலிகளின் வரிசையில் கடைசிக்கு முந்தியதில் அந்தப் பெண் இருந்தார். விக்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மணிக்கட்டில் ஊசி, தலைக்கு மேல் தொங்கிய பையிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி உட்காரப் பார்த்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அழுதுச்சா?”

“இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. அவளுக்குத் தெரியவே தெரியாதாம். நம்பிக்கையாத்தான் இருக்காளாம். உங்களை ரொம்ப விசாரிச்சா.”

முப்பது வருஷத்தில் ஒரு தப்பு விடையைக்கூட விடாத டீச்சர், இதைச் சொல்லும்போது சொட்டும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் டீச்சரின் முகத்தைப் பார்த்தார், பிறகு ஏஜென்டின் முகத்தை. ஏஜென்ட் தன் தொழில்முறைச் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு,” என்றார் அந்தப் பெண்.

ஏஜென்ட் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அவர் நிமிர்த்திய முதுகை மெல்ல நாற்காலியில் சாய்த்தார். “சரி,” என்றார். “அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து கேட்டா, நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க.”